பழைய பிளக் சொல்லும் சேதி

பெட்ரோல் காரின் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று, பெட்ரோல் கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். மாருதி 800-இல் சிலிண்டர் 3, பிளக்கும் 3. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை கலவையைக் கொளுத்தியாக வேண்டும். பொறி பாயப் பாய முனை தேய்ந்து, இடைவெளி அகலும். வண்டி ‘மிஸ்’ அடிக்கும், பிக்கப் குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் தொடங்கிய காலந்தொட்டு மோட்டார் தொழில் வேரூன்றிய ஊர் மதுரை. இங்கே ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகுபவரின் கைக்கு முதலில் வரும் வேலைகளில் ஒன்று பிளக் கழற்றுவது. எளிய வேலைதான், ஆனால் அவசரம் ஆகாது. அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை போய்விடும், என்ஜின் ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியை முதலில் ஊதித் தள்ள வேண்டும். வயரை இழுக்காமல் அதன் ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். எது எந்த சிலிண்டருடையது என்று வரிசை மாறாமல் வைப்பது மிக முக்கியம்.

ஏனென்றால், கழற்றிய பிளக்கைப் பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் என்ஜின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று பொருள்; கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் கண்மாய்க்கரைப் புழுதி ஏர் ஃபில்டரை அடைப்பதும் காரணமாகலாம். மாசி வீதிகளுக்குள்ளேயே ஊர்ந்து திரும்பும் காரிலும் இந்தக் கரி சேரும். முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரியும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறுவதில்லை. அத்தகைய வண்டி மேலூர்வரை நான்குவழிச் சாலையில் ஓடித் திரும்பினாலே கரி ஓரளவு நீங்கக்கூடும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் நிலைமை வேறு: பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். அங்கே புதுப் பிளக் போட்டு அனுப்புவது நோயை மறைப்பதாகும். வெளுத்துக் கொப்புளித்த முனை அளவுக்கு மீறிய சூட்டின் அடையாளம். பீங்கானில் கீறல் விழுந்த பிளக்கைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, காரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இரிடியம் பிளக்கின் முனை மெல்லியது. அதை எம்ரி தாளால் தேய்க்கக் கூடாது. அது ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும். சாதாரண நிக்கல் பிளக் அதில் பாதிகூடத் தாங்காது.

புதுப் பிளக்கைக் கையாலேயே திருகி இறக்க வேண்டும். தடை தட்டினால் மரை மாறி ஏறுகிறது. பின்னோக்கிக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். வாஷர் ஹெட்டில் உட்கார்ந்தபின் ஸ்பானரால் சுமார் அரைச் சுற்று போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவுக்கு முறுக்குவது இன்னும் நல்லது. பிறகு வயர்களை அந்தந்த சிலிண்டருக்கே மாட்டி, என்ஜினை இயக்கி, ஐடிலிங் சீராக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.