கடல் இருக்கு, கோயில் இருக்கு, காடும் இருக்கு... கடலூரில் ஏன் யாரும் ராத்திரி தங்குவதில்லை?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால், இந்த ஊரில் சுற்றுலாவுக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். அவ்வளவு கூட்டம் இருக்கும். சுண்டல், பஜ்ஜி, மாங்காய் பத்தை வியாபாரம் சூடாக நடக்கும். ஆனால் இருட்டிக் கொஞ்ச நேரத்தில் மணல் காலியாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், நெய்வேலி என்று அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள், 25 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் புதுச்சேரிக்குப் போய் அறை எடுப்பார்கள்.

கடலூர் மாவட்டச் சுற்றுலாவின் சிக்கலே இதுதான். கூட்டம் வருது, ஆனா காசு தங்கல.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2023-ல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகளின் வருகை சுமார் 28.6 கோடி. மாநிலத்தின் மக்கள்தொகையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இதில் பெரும்பகுதி கோயிலுக்கு வந்து போகிறவர்கள். ஒருவரே நான்கு ஊருக்குப் போனால் நான்கு வருகை என்று கணக்கில் ஏறும்.

உலக அளவில் சுற்றுலாவை அளப்பவர்கள் வேறொரு கோடு போடுகிறார்கள். ஓர் இரவாவது தங்கினால்தான் ஒருவர் சுற்றுலாப் பயணி. அன்றைக்கே திரும்பினால் அவர் பகல்நேரப் பார்வையாளர் மட்டுமே. இதைக் கறாரான வகைப்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. பகலில் வந்து போகிறவர் பார்க்கிங் கட்டணம், டீ, சுண்டலோடு முடித்துக்கொள்வார். இரவு தங்குகிறவர் அறைக்குக் கொடுப்பார், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலை டிபனுக்கும் கொடுப்பார், ஆட்டோ பிடிப்பார், மறுநாள் காலையில் ஊருக்கு வாங்கிக்கொண்டும் போவார். ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தியாவுக்கே இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2024-ல் தாய்லாந்துக்குச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 3.5 கோடி. இவ்வளவு பெரிய இந்தியாவுக்கு அதே ஆண்டில் வந்தவர்கள் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. பார்க்க இடம் இல்லாமலா?

அப்படி என்னதான் இருக்கு இங்கே?

தேவனாம்பட்டினத்திலிருந்தே தொடங்கலாம். கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்திய கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து எடுத்துச் சுட்டார்கள் என்பது வரலாற்றில் பதிவான சங்கதி. பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதுண்டு.

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இந்தக் கோட்டைதான் இருந்தது. 1752 வரைக்கும் அப்படித்தான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே பொறுப்பேற்றார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இவ்வளவு கதை உள்ள இடத்துக்கும் பீச்சுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. ஆனால் பீச்சுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்? இதே கதை ஐரோப்பாவின் ஒரு சின்ன ஊரில் நடந்திருந்தால், அதைச் சொல்லியே ஊர் பிழைத்திருக்கும்.

தெற்கே வந்தால் பரங்கிப்பேட்டை. ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் எல்லோரும் கடை விரித்த துறைமுகம். 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய போர் நடந்த இடம். அதற்கும் தெற்கே பிச்சாவரம். வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' பார்த்தவர்களுக்குத் தெரிந்த அதே காடுதான். 2022-ல் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் சிதம்பரம் நடராஜர் கோயில். இன்னும் 50 கிலோமீட்டர் போனால் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம். நடுவே வீராணம் ஏரி. வடக்கே திருப்பாதிரிப்புலியூர், மேற்கே வள்ளலாரின் வடலூர்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. இடங்களைக் கோத்துத் தரும் நூல்தான் இல்லை.

ஒரு குடும்பம் கிளம்பினால் என்ன ஆகும்?

சென்னையிலிருந்து காரில் வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்புகிறார்கள். இரவு தங்கல் புதுச்சேரி, அதில் மாற்றமே இல்லை. ஞாயிறு காலை பிச்சாவரம். வழியில் கடலூர் முதுநகரைத் தாண்டினால் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. அந்த நெடிக்குப் பழகாதவர்கள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கடப்பார்கள். அங்கே வசிப்பவர்களுக்கு அது தினசரி வாழ்க்கை. அவர்களின் பல ஆண்டுப் புகார் சுற்றுலாவைவிடப் பெரிய விஷயம்.

பிச்சாவரத்தில் விடுமுறை நாள் என்றால் படகுக்குக் காத்திருக்க வேண்டும். சவாரி முடிந்து சிதம்பரம் வந்து சேர்வதற்குள் மதியமாகிவிட்டால் கோயில் நடை சாத்தியிருக்கும். திரும்பத் திறப்பது மாலையில்தான். குழந்தைகளை வைத்துக்கொண்டு வெயிலில் நான்கைந்து மணி நேரம் என்ன செய்வது? நல்ல ஓட்டலில் கொத்சு சாப்பிட்டு முடித்தாலும் பொழுது மிச்சம் இருக்கும். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு.

இத்தனைக்கும் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பெரிய பணம் தேவையில்லை. முதல் நாள் மாலையே சிதம்பரம் வந்து தரிசனம் முடித்துத் தங்கி, மறுநாள் விடியற்காலையில் வெயில் ஏறும் முன் பிச்சாவரம் போனால் எல்லாம் சரியாகப் பொருந்தும். அதைப் பயணிக்கு யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது. படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம். காடு வனத்துறையிடம். சில்வர் பீச் கடலூர் மாநகராட்சியின் எல்லைக்குள். நடராஜர் கோயில் நிர்வாகமோ, 2014 ஜனவரி 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பொது தீட்சிதர்களிடம். மற்ற பெரிய கோயில்களைப் போல அறநிலையத் துறை நேரடியாகத் திட்டம் போட்டுவிட முடியாது. கனகசபையில் ஏறி வழிபடுவது குறித்து அரசுக்கும் தீட்சிதர்களுக்கும் இடையே 2022 முதல் நடந்த இழுபறி ஊரறிந்தது. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆனால் வெளியூர்க்காரருக்குத் தேவையான கழிப்பறை, வண்டி நிறுத்தம், நடை திறக்கும் நேரம் சொல்லும் பலகை இவற்றுக்காவது இரு தரப்பும் ஒரே மேசையில் உட்காரலாம்.

கார் இல்லாதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை 2010-ல் அகலப்பாதையானது. சோழன் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் நிற்கின்றன. ஆனால் ரயிலை விட்டு இறங்கிய பிறகு பிச்சாவரத்துக்கோ கோட்டைக்கோ போக, நேரம் சொல்லி நம்பக்கூடிய பேருந்து வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில் பாதை என்ற அறிவிப்பு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தண்டவாளம் வரவில்லை.

கடல் அழகுதான், ஆனால்...

சில்வர் பீச்சைப் பற்றிப் பேசும்போது பலரும் தவிர்க்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கடலில் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும். இது தேவனாம்பட்டினம் மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை வைத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பது நம் வழக்கம். கோவாவில் 2008 முதல் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கடற்கரைகளில் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். இங்கே கடலின் குணம் தெரிந்த இளைஞர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி, மிதவை, மாதச் சம்பளம் கொடுத்தால் வேலைவாய்ப்பும் ஆச்சு, உயிரும் தப்பும். ராட்டினத்துக்கும் செல்ஃபி பாயின்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

இன்னொரு தடையை யாராலும் அகற்ற முடியாது. அதுதான் வானிலை. வெளிநாட்டுப் பயணிகள் தமிழ்நாட்டுக்கு அதிகம் வரும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சிதம்பரம் ஆருத்ரா தரிசனம் மார்கழியில். வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடலூரைத் தாக்குவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டம் 600-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் பெருவெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும்.

ஆகவே சுற்றுலாவை மட்டும் நம்பி ஓர் ஊர் இருக்கக் கூடாது என்பதும் உண்மை. இலங்கையைப் பாருங்கள். 2018-ல் 23 லட்சம் பயணிகள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு பொருளாதார நெருக்கடி என்று வந்து, மறுபடி 20 லட்சத்தைத் தொட 2024 ஆகிவிட்டது. கடலூருக்கு மீன்பிடியும் முந்திரியும் பலாவும் முதல் வருமானமாக இருக்கட்டும், சுற்றுலா இரண்டாவதாக வரட்டும். புயல் காலத்தை விட்டுவிட்டு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைக்கும் கூட்டத்தை இழுக்க வழி பார்க்கலாம். அதற்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி உண்டு: 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலி. நாட்டின் பல மூலைகளிலிருந்து நடனக் கலைஞர்களும் அவர்களின் குடும்பங்களும் வந்து தங்குகிறார்கள். அந்தச் சில நாள் கூட்டத்தைக் காட்டுக்கும் கோட்டைக்கும் அழைத்துப் போக ஒரு வண்டி விட்டாலே போதும், பலன் தெரியும்.

பீச்சை அழகாக்கினால் மீனவர் எங்கே போவார்?

கடற்கரை மேம்பாடு என்ற பேச்சு வந்தாலே குப்பத்தில் ஒரு பயம் வரும். அது நியாயமான பயம். நமக்கு மணல் என்பது உட்காரும் இடம். அவர்களுக்கு அது படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம். நடைபாதையும் புல்தரையும் போட்டு அதைச் சுருக்கிவிட்டால், சுற்றுலா வந்ததால் ஊருக்கு நஷ்டம் என்றுதான் ஆகும்.

2019-ல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. மண்டலத்தைப் பொறுத்து, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அளவையோ தோற்றத்தையோ மாற்றாமல் அதில் பயணிகளைத் தங்கவைக்கலாம். பெரிய ரிசார்ட் கட்டுவதைவிட இது மெதுவானது, ஆனால் காசு ஊரைவிட்டு வெளியே போகாது. கேரளத்தில் குமரகம் 2008-ல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாவில், ஓட்டல்கள் காய்கறி, மீன் போன்றவற்றை உள்ளூர்க்காரர்களிடமும் குடும்பஸ்ரீ பெண்களிடமும் வாங்க ஏற்பாடு செய்தார்கள். மகாராஷ்டிரத்தின் வெங்குர்லாவில் மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுவே அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறது. பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள மீனவப் பெண்களும் இருளர் குடும்பங்களும் அதைச் செய்ய முடியாதா என்ன? காட்டின் ஒவ்வொரு வாய்க்காலும் அவர்களுக்குத் தெரியும்.

அதே சமயம் பிச்சாவரத்தில் கூட்டத்தை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து. சுனாமி நேரத்தில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வேலியை மோட்டார் படகுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பலி கொடுக்க முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது எதனால் என்று நமக்குத் தெரியும். பிச்சாவரம் அந்த நிலைக்குப் போகும் முன்பே நாளொன்றுக்கு இத்தனை படகு என்று வரம்பு வைத்து, நேரம் குறித்த முன்பதிவு கொடுத்துவிட்டால் காத்திருப்பும் குறையும், காடும் பிழைக்கும்.

நீலக் கொடி வந்தால் எல்லாம் சரியாகுமா?

டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு 'நீலக் கொடி' சான்று வழங்குகிறது. தண்ணீரின் தரம், கழிவு மேலாண்மை, உயிர்காப்பு வசதி என்று 33 நிபந்தனைகள். புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சென்னைக்குத் தெற்கே கோவளமும் 2021-ல் இதைப் பெற்றன. தமிழக அரசு இந்தச் சான்றுக்குத் தயார்படுத்தும் கடற்கரைகளில் சில்வர் பீச்சும் ஒன்று.

நல்ல விஷயம்தான். ஆனால் கொடி ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொரு ஆண்டும் சோதனை உண்டு. விசாகப்பட்டினம் ருஷிகொண்டா கடற்கரை 2020-லேயே சான்று வாங்கியது. பராமரிப்பு சரியில்லை என்ற புகாரில் 2025-ல் அங்கே கொடி தற்காலிகமாக இறக்கப்பட்டது. சில்வர் பீச்சில் கட்டடம் எழுப்ப ஒதுக்கும் பணத்தைப் போல, அதைத் தினமும் கூட்டுகிறவருக்கும் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறவருக்கும் கரையில் விசிலோடு நிற்கிறவருக்கும் மாதா மாதம் சம்பளம் ஒதுக்குவார்களா என்பதைத்தான் தேவனாம்பட்டினம் இனி கவனிக்க வேண்டும்.