புகெகோஹெ வெங்காயமும் ஒரு சங்கமும்

வெங்காய மூட்டையில் புகெகோஹெ என்று போட்டிருக்கும். எத்தனை வருஷமாக வாங்குகிறோம்! பள்ளியில் நம் வட்டாரத்தின் வரலாறு பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னபோது மகள் கேட்டாள்: "அப்பா, இங்க முதல்ல வந்த இந்தியர்ஸ் என்ன வேலை பார்த்தாங்க? ஐடியா?"

சிரிப்பு வந்தது. பலர் மண்ணில்தான் வேலை பார்த்தார்கள் என்று சொல்லி, போன சனிக்கிழமை காரை எடுத்தேன்.

ஆக்லாந்திலிருந்து தெற்கே 50 கிலோமீட்டர். எரிமலை தந்த செம்மண்; உறைபனி குறைவு என்பதால் குளிர்காலத்திலும் பயிர் நிற்கும். உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான் இங்கே ராஜா. 'புகெகோஹெ லாங்கீப்பர்' என்றே ஒரு வெங்காய ரகம் உண்டு, மாதக்கணக்கில் கெடாது.

1920களில் சீனர்களும் குஜராத், பஞ்சாபிலிருந்து வந்தவர்களும் இங்கே குத்தகைக்கு நிலம் எடுத்தார்கள். (தமிழர்கள் வந்தது வெகு பிறகு.) இவர்கள் நாள் முழுக்க உழைக்கிறார்கள், சிக்கனமாக வாழ்கிறார்கள், போட்டி போட முடியவில்லை என்று வெள்ளைக்கார விவசாயிகளுக்குக் கோபம். உழைத்ததே குற்றமாகிவிட்டது! 1926ல் 'வெள்ளை நியூசிலாந்து லீக்' இந்த ஊரில்தான் தொடங்கியது. ஆசியர்களுக்கு நிலம் விற்காதே, குத்தகைக்கும் விடாதே என்பது அதன் பிரச்சாரம்.

அதே வருஷம் ஆக்லாந்து, வெலிங்டன், நாட்டுப்புறப் பகுதி இந்தியர்கள் ஒன்றுசேர்ந்து நியூசிலாந்து இந்திய மத்திய சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அது இருக்கிறது. சீன விவசாயிகள் 1943ல், போர்க்காலத்தில், தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். பசிபிக்கில் இருந்த அமெரிக்கப் படைக்கும் காய்கறி தேவைப்பட்ட நேரம் அது.

விவசாயிகள் சங்கம் என்றாலே எனக்கு எங்க தாத்தாவின் கோவைதான் ஞாபகம் வரும். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்காக மாட்டு வண்டிகளை நகருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மாதிரி. அவர்கள் கேட்டது கட்டணக் குறைப்பு. இங்கே இருந்தவர்கள் ஊரில் இருக்கவே உரிமை கேட்க வேண்டியிருந்தது. இந்தியர்களுக்கு முடிவெட்ட மறுத்த சலூன்கள் இருந்த ஊர் இது. அதே ஊரில்தான் 1950களில் நேரு மண்டபத்தைக் கட்டினார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் மகளுக்கு நல்ல பெருமைக் கதை கிடைத்திருக்கும். ஆனால் அவள், "அதுக்கு முன்னாடி நிலம் யாரோடது?" என்று கேட்டுவிட்டாள்.

மாவோரிகளுடையது. 1863 போருக்குப் பிறகு அரசு பறிமுதல் செய்த பகுதி இது. பிறகு மாவோரிக் குடும்பங்கள் இதே வட்டாரத்துத் தோட்டங்களில் கூலிக்கு வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கின. குழந்தைகள் நோயில் செத்தார்கள். வெள்ளைக்காரர் தோட்டத்தில் மட்டுமா? சீனர் தோட்டத்திலும், நம்ம ஆட்கள் தோட்டத்திலும்தான். 1929ல் அரசு போட்ட விசாரணைக் குழு, சீனர், இந்தியர் தோட்டங்களில் மாவோரிகள் வேலை செய்வதைத்தான் ஆராய்ந்தது. அதில் அக்கறையும் இருந்தது, இனக்கலப்புப் பயமும் இருந்தது. சினிமா தியேட்டரில்கூட மாவோரிகளுக்குத் தனி இடம்தான். பத்து வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த மண்ணுக்கு வேறு ஆபத்து, வீடுகள். 2018ல் வந்த ஒரு அறிக்கையின்படி, நாட்டில் காய்கனி பயிராகும் நிலத்தில் 3.8 சதவீதம்தான் இங்கே இருக்கிறது. காய்கறி உற்பத்தி மதிப்பிலோ 26 சதவீதம். வளமான நிலத்தைக் காக்க 2022ல் அரசு ஒரு கொள்கை ஆணை போட்டது. ஆனாலும் வயலை ஒட்டியே புதுக் கூரைகள் தெரிகின்றன. அப்படி ஒரு வீட்டைப் பார்க்க நானே போனவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பும்போது சாலையோரக் கடையில் ஆள் இல்லை, காசுப் பெட்டி மட்டும். பத்து கிலோ வெங்காயம் எடுத்துக்கொண்டு மகள் காசைப் போட்டாள். ராத்திரி உட்கார்ந்து எழுதினாள். முதலில் மாவோரிகள், அப்புறம்தான் சீனர்களும் நாமும். மூன்று பக்கம் வந்துவிட்டது. டீச்சர் கேட்டது ஒரு பக்கம்.