உங்களுக்குத் தெரியுமா? வியட்நாமியச் சிறுவர் வாயில் ஆங்கில எண்கள்

கல், காகிதம், கத்தரிக்கோல் எனப் பல நாடுகளில் ஆடப்படும் கைவிளையாட்டை வியட்நாமியச் சிறுவர்கள் ‘வன் தூ தீ’ என்று அழைக்கின்றனர்; நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்நாட்டில் வழங்கும் இப்பெயர், ‘ஒன், டூ, த்ரீ’ என்னும் ஆங்கில எண்களின் மருவிய வடிவம் என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

• வியட்நாமியச் சொல்லின் தொடக்கத்தில் ‘த்ர’ போன்ற மெய்ம்மயக்கம், அதாவது இரு மெய்யொலிகளின் சேர்க்கை, இடம்பெறுவதில்லை என்பதால் ‘த்ரீ’ என்பது ரகரம் இழந்து ‘தீ’ ஆயிற்று. பொருளை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கமான தொனியும் ஒவ்வோர் அசையிலும் ஏறியதால், கடன்சொல் என்ற சுவடே மறையும் அளவுக்கு அது உள்ளூர்ச் சொல்லாகிவிட்டது.

• மூடிய முட்டி அங்கே கல் அன்று, சுத்தியல். விரித்த கையோ பை. சுத்தியல் கத்தரிக்கோலை நசுக்க, கத்தரிக்கோல் பையை வெட்ட, பை சுத்தியலை உள்ளடக்கிக்கொள்கிறது.

• விளையாட்டின் வேர் சீனாவில் உள்ளது. மிங் காலத்து எழுத்தாளர் ஷியே சாவோச்சே, இத்தகைய கைச்சைகை ஆட்டம் ஹான் அரசமரபுக் காலத்திலேயே இருந்ததாகக் குறிப்பிடுகிறார்.

• சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற பழைய வடிவம் ஒன்றில் கட்டைவிரல் தவளையாகவும், சுண்டுவிரல் ஓடில்லா நத்தையாகவும், சுட்டுவிரல் பாம்பாகவும் நின்றன. பாம்பைத் தவளை அஞ்சும். தவளையை நத்தை அஞ்சும். வியப்புக்குரிய வகையில், நத்தையைப் பாம்பு அஞ்சும்.

• இந்தோனேசியச் சிறுவர்க்குக் கட்டைவிரல் யானை, சுட்டுவிரல் மனிதன், சுண்டுவிரல் எறும்பு: மனிதனை வீழ்த்தும் யானையின் காதுக்குள் புகுந்து எறும்பு வென்றுவிடுகிறது.