``பக்கத்து வீட்டுப் பாப்பா தவழுது, நம்ம பாப்பா இன்னும் உட்காரலையே!'' - எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது?

காதுகுத்து வீடு. ஹாலில் விரித்த ஜமுக்காளத்தில் இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் 9 மாதம் முடிந்துவிட்டது. ஒன்று, பழத்தட்டை நோக்கி விறுவிறுவெனத் தவழ்கிறது. இன்னொன்று, அம்மாவின் மடியில் சாய்ந்தபடி அதை வேடிக்கை பார்க்கிறது.

``என்னம்மா, இன்னும் உட்காரலையா?'' என்று கேட்கிறார் ஒரு பெரியம்மா. ``நல்லா எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டு, சரியாயிடும்'' என்கிறார் ஓர் அத்தை. ``இவன் அப்பனே ஒன்றரை வயசுலதான் நடந்தான்'' என்று சமாதானம் சொல்கிறார் மாமியார். அந்த அம்மாவுக்கோ பந்தியில் சோறு இறங்கவில்லை. இரவு குழந்தை தூங்கியதும் போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறார்.

பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. பயமுறுத்துபவரும் ஆறுதல் சொல்பவரும் இங்கே ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட்டால் தேவையில்லாத பயமும் வரும், தேவையான பயம் வராமலும் போகும்.

எத்தனை மாதத்தில் என்ன செய்யும்?

உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட 5 நாடுகளைச் சேர்ந்த 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் ஒரு கால அட்டவணையை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு திறனுக்கும் ஒற்றைத் தேதி கிடையாது. 'இந்த மாதத்திலிருந்து இந்த மாதத்துக்குள்' என்ற வரம்புதான் இருக்கிறது.

* பிடிமானம் இல்லாமல் உட்காருவது: 3.8 முதல் 9.2 மாதங்கள்
* எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது: 4.8 முதல் 11.4 மாதங்கள்
* கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வது: 5.2 முதல் 13.5 மாதங்கள்
* பிடித்துக்கொண்டு நடப்பது: 5.9 முதல் 13.7 மாதங்கள்
* தனியாக நிற்பது: 6.9 முதல் 16.9 மாதங்கள்
* தனியாக நடப்பது: 8.2 முதல் 17.6 மாதங்கள்

9 மாதத்தில் நடக்கும் குழந்தையும் 17 மாதத்தில் நடக்கும் குழந்தையும் ஒரே வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 8 மாத இடைவெளி இருந்தாலும் இருவரும் நலமே. அந்த ஆய்வில் 100-க்குச் சுமார் 4 குழந்தைகள் முட்டி ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து, பிறகு நேராக எழுந்து நிற்கும் குழந்தைகளும் உண்டு. தவழவில்லை என்பது மட்டுமே பயப்படக் காரணமில்லை.

குறைப்பிரசவமா? கணக்கை மாற்றுங்கள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை, 40 வாரக் கணக்குப்படி 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. இன்று அதற்கு 8 மாதம் என்றால், அந்த 8 வாரத்தைக் கழித்து, 6 மாதக் குழந்தை செய்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். 2 வயது வரை இப்படித்தான் கணக்கிடுவார்கள். பல பெற்றோரின் பாதிக் கவலை இந்தக் கழித்தலிலேயே தீர்ந்துவிடும்.

இவை இருந்தால் காத்திருக்காதீர்கள்

* 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை.
* 4 மாதத்துக்குப் பிறகும் கைவிரல்களை எப்போதும் இறுக மூடியே வைத்திருக்கிறது.
* 9 மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை.
* 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை.
* தூக்கும்போது உடம்பு துவண்டு தொங்குகிறது. அல்லது கட்டைபோல விறைக்கிறது, கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்கின்றன.
* 1 வயதுக்கு முன்பே எதை எடுத்தாலும் ஒரே கையால்தான் எடுக்கிறது. 'இடக்கைப் பழக்கம்' என்று இதை விட்டுவிடக் கூடாது. இன்னொரு கையில் பலம் குறைவாக இருக்கலாம்.
* முகம் பார்ப்பதில்லை, சத்தத்துக்குத் திரும்புவதில்லை.
* ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டது. நேற்று வரை உட்கார்ந்த குழந்தை இன்று உட்காரவில்லை என்றால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவர் என்ன பார்ப்பார்?

'டாக்டர்கிட்ட போனா ஏதாவது பெரிய வியாதி பேரைச் சொல்லிடுவாரோ' என்ற பயத்திலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால், முதல் சந்திப்பில் கேள்விகள்தான் அதிகம் இருக்கும். பிறந்ததும் அழுததா, இன்குபேட்டரில் இருந்ததா, மஞ்சள்காமாலை அதிகமாக இருந்ததா, வலிப்பு வந்ததா என்றெல்லாம் கேட்பார். தலைச்சுற்றளவை அளப்பார். தசையின் இறுக்கம், பார்வை, கேட்கும் திறன் ஆகியவற்றைச் சோதிப்பார். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது.

தாமதத்துக்குக் காரணம் எளிதில் சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு எல்லாமே குழந்தையின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கக் கூடியவை, மருந்து உள்ளவை. இதில் தைராய்டு குறைவைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பை முழுமையாகத் திருப்ப முடியாது.

மூளை முடக்குவாதம் போன்ற காரணமாக இருந்தாலும் காலம் முக்கியம். முதல் 2 வருடங்களில் குழந்தையின் மூளை வேகமாக வளர்கிறது, புதிதாகக் கற்றுக்கொள்கிறது. அப்போதே பிசியோதெரபி தொடங்கினால் தசைகள் இறுகிச் சுருங்குவதைக் குறைக்கலாம், குழந்தையால் முடிந்த அளவுக்கு அதை முன்னேற்றலாம். பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணெய், மணல், வாக்கர்

எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. கை கால்களை முறுக்கி இழுப்பது கூடாது. தலை நிற்காத குழந்தையைக் கழுத்துக்குத் தாங்கல் இல்லாமல் தூக்குவதும் ஆபத்து. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது, கர்நாடகத்தின் கலபுரகி அருகே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்த செய்தி நாட்டையே அதிரவைத்தது. பிள்ளை எழுந்து நடக்காதா என்ற தவிப்பு, பெற்றோரை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு அது சாட்சி.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மையில்லை. அது நடையைக் கற்றுத் தராது. படிக்கட்டில் உருளும், அடுப்படிக்குள் நுழையும். கனடாவில் 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நிற்கத் தொடங்கிய குழந்தை, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நின்றபடி தள்ளிக்கொண்டு போகும் நம் ஊர் மரநடைவண்டி வேறு வகை. அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குகிறது.

குழந்தைக்கு உண்மையில் வேண்டியது தரை. ஒரு பாய் விரித்து, விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவையுங்கள். நகரத் தொடங்காத குழந்தைக்கு, விட்டுவிட்டு ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிடங்களாவது இது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிலுகிலுப்பையைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்து ஆட்டுங்கள். ஆனால், தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும்.

எங்கே போவது?

அரசின் 'ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம்' திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் என எல்லோரையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பதற்கான மையம் இது. உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம்.

போகும்போது இரண்டு விஷயங்கள். ஒன்று, குழந்தை வீட்டில் விளையாடுவதைப் போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அழும் குழந்தை எதையும் செய்து காட்டாது. இரண்டு, அப்பாவும் கூடப் போக வேண்டும். 'கர்ப்பமா இருக்கும்போது அதைச் சாப்பிட்டே, இதைச் செஞ்சே' என்று வீட்டில் எழும் பழி பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. மருத்துவர் சொல்வதை இருவரும் சேர்ந்து கேட்டால், அந்தப் பழியைச் சுமக்க அவரைத் தனியே விடாமல் இருக்கலாம்.

இதற்கெனத் தனியாக நாள் பார்க்கவும் தேவையில்லை. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசிக்குப் போகிறோம். உட்காருவதற்கான வரம்பு முடிவதும் அப்போதுதான். இரண்டாவது தவணை 16 மாதத்துக்குப் பிறகு வருகிறது. நடப்பதற்கான வரம்பு முடியும் சமயம் அது. ஊசி போட்டு முடித்ததும் எழுந்து வந்துவிடாமல், ``டாக்டர், வயசுக்கு ஏத்த வளர்ச்சி இருக்கான்னு ஒரு தடவை பாருங்க'' என்று கேட்டுவிடுங்கள். 'ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னால் அடுத்த காதுகுத்து வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஏதாவது இருந்தால், அதைச் சரியான நேரத்தில் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.