விடியற்காலைக் கூடைப்பந்தும் எட்டுப் பேர் நோட்டுப் புத்தகமும்

ஜனவரி மாதத்துத் தில்லிக் குளிரில் காலை ஐந்தரை மணிக்கு யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால், மதர் டெய்ரிக்குப் பால் வாங்கப் போகிறவர்கள், மலை மந்திருக்குக் கிளம்புகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலையில் கம்பளிக் குல்லாய், கையில் காபி டம்ளர், எதிரே அமெரிக்காவில் நடக்கும் கூடைப்பந்து. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அடியேனும் அதில் ஒருவன். எட்டுப் பேரில் இருவர் ஓய்வுக்குப் பிறகு திருச்சிக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அங்கே குல்லாய் தேவையில்லை என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

"ஊரே கிரிக்கெட் பார்க்கிறது, உங்களுக்கு ஏன் சார் இந்தக் கூடைப்பந்து?" என்று சங்க விழாக்களில் பலர் கேட்டதுண்டு. இது அமெரிக்கக் கப்பலில் நேற்று வந்து இறங்கிய சரக்கல்ல என்பதுதான் என் முதல் பதில். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த விளையாட்டை ஆரம்பித்தார். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சில ஆண்டுகளிலேயே அது நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் வளையம் நட்டார்கள். நான் படித்த பாலிடெக்னிக் விடுதிக்குப் பின்னால் இருந்த செம்மண் ஆடுகளமும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். அணியும் தென்னக ரயில்வே அணியும் ஆடுவதை அந்த நாளில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ரயில்வேயில் சேருவதற்கு முன்பே ரயில்வே எனக்கு அறிமுகமானது கூடைப்பந்து வழியாகத்தான். பின்னாளில் தென்னக ரயில்வேயைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் என்ற கேரளப் பெண்ணை 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கழகங்கள் மூன்று தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை என்றாலும் அழைப்பு வந்ததே பெரிது. இந்திய அணிக்குத் தலைமை வகித்த நம் சென்னைப் பெண் அனிதா பால்துரையும் தென்னக ரயில்வேதான். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, ஏதோ எங்கள் டிவிஷனுக்கே கிடைத்த மாதிரி நான் அக்கம்பக்கத்தில் லட்டு கொடுத்தேன்.

அமெரிக்க ஆட்டத்தில் எனக்குப் பித்துப் பிடித்த நாளைத் தேதியோடு சொல்ல முடியும். 1998 ஜூன் 15, திங்கட்கிழமை விடியற்காலை. சிகாகோவுக்கும் யூட்டாவுக்கும் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். ரயில்வே குவார்ட்டர்ஸில் கேபிள் இணைப்பு, பக்கத்து வீட்டு நண்பரும் நானும். மூன்றாவது கால்பகுதியில் மின்சாரம் போய்விட்டது. தில்லி ஜூன் மாதம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி நிமிஷத்துக்குச் சற்று முன்னால் மின்சாரம் வந்தது. மைக்கேல் ஜோர்டான் பந்தைப் பறித்துக்கொண்டு வந்து, 5.2 வினாடி மீதியிருக்கும்போது எறிந்து வளையத்தில் போட்டார். 87-க்கு 86. ஜோர்டான் மட்டும் 45 புள்ளி. அன்று இருவரும் வேலைக்குத் தாமதமாகத்தான் போனோம்.

கற்பனை அணிப் போட்டி, அதாவது ஃபேன்டஸி லீக், எங்களிடம் வந்தது 2012-ல். நியூ ஜெர்சியில் இருக்கும் என் பையன் தன் ஆபீஸில் ஆடுவதாகச் சொன்னான். புரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிஜ வீரர்களைக் கொண்டு நீங்கள் ஒரு அணி அமைக்கிறீர்கள், காகிதத்தில்தான். அந்த வீரர்கள் தத்தம் நிஜ ஆட்டங்களில் போடும் புள்ளி, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தது, கூட்டாளி புள்ளி போட வழி செய்து கொடுத்தது, பந்தைப் பறித்தது, தடுத்தது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கைப்பந்தை எதிரியிடம் விட்டால் கழிவு. எவருடைய காகித அணி பருவ முடிவில் அதிக மதிப்பெண் பெறுகிறதோ அவர் ஜெயித்தார். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடி பேஸ்பாலுக்கு இப்படி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதிலிருந்துதான் இந்த வழக்கம் பெரிதாகப் பரவியது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசி ஒன்றை உண்டாக்குவது நமக்கும் புதிதல்லவே!

எங்கள் எட்டு அணிகளுக்கும் ரயில் பெயர்தான். கிராண்ட் ட்ரங்க், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், திருக்குறள், சம்பர்க் கிராந்தி என்று. திருக்குறள் யாருக்கு என்பதில் இரண்டு பேருக்குள் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. விஜயதசமியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி வீரர்களைத் தேர்ந்தெடுப்போம். சீட்டுக் குலுக்கி 1 முதல் 8 வரை வரிசை. எட்டாமவர் எடுத்ததும் அவரே மறுபடி எடுத்து, போன வழியே முதலாமவரிடம் திரும்பி வர வேண்டும். முதலில் எடுப்பவருக்கு மட்டும் ஆதாயம் போகாமலிருக்க இந்த ஏற்பாடு. ஆளுக்குப் பத்து, மொத்தம் 80 வீரர்கள்.

கணக்கு வைக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ரயில்வேயில் எங்களுக்கு அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு, எம்.பி. என்போம். காண்ட்ராக்டர் செய்த வேலையை அளந்து எழுதுவது. மையால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தவறிருந்தால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் இன்ஷியல் போட வேண்டும். எங்கள் லீக் நோட்டுக்கும் அதே சட்டம். கடைசி இடம் பிடித்தவர் அடுத்த வருஷம் முழுக்க நோட்டு எழுத வேண்டும் என்பதுதான் தண்டனை. முதல் இடம் பிடித்தவருக்குப் பரிசு கிடையாது. காசு என்ற பேச்சே கிடையாது. இது முதல் வருஷமே முதல் பக்கத்தில் எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டது.

2015-ம் வருஷத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஜூன் மாதம் பஞ்சாபில் பல்லோ கே கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை டல்லஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஏழடி இரண்டு அங்குலம். இந்தியாவில் பிறந்து அந்தத் தேர்வில் இடம் பெற்ற முதல் ஆள். எங்களில் லூதியானாவில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அவருடையது. எண்பதாவது, கடைசி முறை அவருடையதாக வந்தது. "சத்னாம் சிங்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பையன் டல்லஸின் முதல் அணியில்கூட இல்லை, பயிற்சிக்காகக் கீழ்நிலைக் கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வாரா வாரம் நோட்டில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். ஆளை மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு, எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "நம்ம ஊர்ப் பையன் சார், ஒரு நாள் இறக்குவான் பாருங்க" என்பார். திருநெல்வேலிக்காரருக்கு லூதியானா நம்ம ஊராகிவிட்டது! சத்னாம் அந்த வருஷமும் இறங்கவில்லை, பிறகும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நண்பர் கடைசி இடம் பிடித்து, அடுத்த வருஷம் அழகான கையெழுத்தில் நோட்டு எழுதினார்.

அதே நாளில் அவருக்கு முந்தின முறை, 79-வது, என்னுடையது. வேறு யாரும் மிச்சமில்லையே என்று பெயர் உச்சரிக்கத் தெரியாத ஒரு செர்பியப் பையனை எடுத்தேன். நிக்கோலா யோகிச். பிற்பாடு 2021, 2022, 2024 மூன்று ஆண்டுகளிலும் அந்தக் கழகத்தின் சிறந்த வீரர் விருது பெற்றவர். என்னைப் பெரிய நிபுணன் என்று இன்றும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்து ஆட்டங்கள் நின்றன. நம் ஊரிலும் கதவை அடைத்துக்கொண்டோம். லூதியானா நண்பருக்கு அப்போது புதிதாக ஓய்வு. பிள்ளைகள் வெளியூரில். பொழுது போகாமல் கைபேசியில் ஒரு கற்பனை அணிச் செயலியை இறக்கிக்கொண்டார். முதலில் சும்மா, பிறகு ஐம்பது ரூபாய், பிறகு தினமும். கூடைப்பந்து இல்லாத மாதங்களில் கிரிக்கெட். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. 2022 விஜயதசமி ஞாயிறன்று அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி என் மனைவிக்கு போன் செய்து, "அக்கா, இவர் ராத்திரியெல்லாம் போனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், பி.எஃப். பணத்துல எவ்வளவு போச்சுன்னு சொல்ல மாட்டேங்கிறார்" என்று அழுதார்கள். தொகையை இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் போதும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கட்சி இருந்தது. இது திறமை விளையாட்டு, சூதாட்டமல்ல என்று 2017-லேயே பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்றார் கணக்காய்வுத் துறை நண்பர். நாமே ஆளுக்கு ஆயிரம் போட்டால் என்ன தப்பு என்றும் கேட்டார். திறமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு நூறு பேர் ஐம்பது ரூபாய் கட்டினால் 5,000. நடத்துகிறவர் அதில் 750 எடுத்துக்கொண்டால் நூறு பேரும் சேர்ந்து திரும்பப் பெறுவது 4,250. எல்லோரும் சமமான கெட்டிக்காரர்கள் என்றாலும் மொத்தத்தில் நஷ்டம்தான். அதில் இருபது பேர் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்றால், மீதி எண்பது பேரின் கதி என்ன?

இன்னொன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் லீக்கில் அக்டோபரில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் ஏப்ரல் வரை அவனோடு குடித்தனம். அவன் கணுக்கால் பிசகினால் எனக்கும் வலிக்கும். பெர்மனென்ட் வே பிரிவில் நான் போட்ட பாதையில் மறுமாதம் நானே ட்ராலியில் போய்ப் பார்க்க வேண்டும், அந்த மாதிரி. செயலியில் ஒவ்வொரு ராத்திரியும் புது அணி. நேற்றைய தப்பு இன்றைக்குத் துடைத்துப் போய்விடும், பணம் மட்டும் திரும்பாது. சத்னாம் சிங்கை ஒரு வருஷம் பூஜ்யத்தோடு வைத்திருந்த மனிதர், அங்கே ஒரே ராத்திரியில் நான்கு அணி மாற்றியிருக்கிறார். ஆட்டத்தையே பார்ப்பதில்லையாம், எண்களை மட்டும் பார்ப்பாராம். அவரே சொன்னது.

அவர் மகன் பெங்களூரிலிருந்து வந்து கைபேசியையும் வங்கிக் கணக்கையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். நாங்கள் செய்தது அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேராகப் போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவோம். லீக்கைப் பற்றிப் பேசமாட்டோம். ஆனால் நோட்டில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று பருவம் ஏழு அணிகளோடு ஓட்டினோம், அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. ஆயிரம் ரூபாய் யோசனையைக் கணக்காய்வு நண்பர் தானாகவே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. காசு கட்டி ஆடும் செயலிகள் அந்தப் போட்டிகளை நிறுத்தின. சட்டம் வந்தால் மட்டும் போதுமா, வேறு பெயரில் வராதா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயமல்ல. எனக்குத் தெரிந்தது, செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அந்த நண்பர் போன் செய்து, "சார், இந்த வருஷம் எங்க வீட்டுல வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டுக் கொலுப்படியை இன்னும் பிரிக்கவில்லை. சுண்டலும் கேசரியும். ஆறு பேர் நேரில், திருச்சிக்காரரும் சென்னைக்காரரும் வீடியோவில். சீட்டுக் குலுக்கியதில், நம்பினால் நம்புங்கள், எண்பதாவது முறை மறுபடியும் அவருக்கே வந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு "டைரீஸ் ஹாலிபர்ட்டன்" என்றார்.

2025 ஜூன் 22 அன்று ஓக்லஹோமாவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தாரே, இண்டியானா அணியின் பையன், அவர்தான். வருகிற பருவம் முழுக்க ஆடமாட்டார் என்று அவருடைய அணியே ஜூலையில் அறிவித்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சார், வாரா வாரம் பூஜ்யம்தான் வரும்" என்றேன்.

"எழுதிக்கிட்டே வாங்க சார்" என்றவர், பேனாவை என் கையிலிருந்து வாங்கி, "இல்லை, குடுங்க, இந்த வருஷம் நோட்டை நானே எழுதறேன்" என்றார்.