ஜப்பானில் குடியிருப்பவனும் டெலிவிஷன் பெட்டியும்

பிழைப்பின் நிமித்தம் பிற தேசத்தில் போய்க் குடியிருக்கிற ஒருவனுக்கு, அந்தத் தேசத்து ஜனங்கள் காரியாலயத்திலும் கடைத்தெருவிலும் ரயில் வண்டியிலும் தினந்தோறும் கண்ணில் படுகிறார்களே அன்றி, அவர்கள் தங்கள் வீட்டுக்குள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள், எதைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள், எந்த வேளையில் எதற்காகக் குடும்பத்தோடு காத்து உட்காருகிறார்கள் என்பவையெல்லாம் லேசில் தெரியவருவதில்லை. ஜப்பானிலோ இந்தக் கஷ்டம் சற்று அதிகம். மிகுந்த அன்புடையவர்கள்கூட அங்கே விருந்தாளியை உணவுச்சாலைக்கு அழைத்துப் போய் உபசரிப்பார்களே தவிர, வீட்டுக்கு அழைப்பது அபூர்வம். ஆகவே, அந்நியனாக அந்நாட்டில் வாழ்கிறவன் ஜப்பானியரின் இல்வாழ்க்கையை அருகிலிருந்து அறிவதற்குரிய சாதனங்களுள் டெலிவிஷனே பிரதானமானது என்பது, பல வருஷ காலமாக டோக்கியோவில் வசித்துவருகிற என்னுடைய தீர்மானமான அபிப்பிராயம்.

ஜப்பானில் இன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்தேசத்தார் வாழ்கிறார்கள். அவர்களுள் கம்ப்யூட்டர் தொழிலை நம்பிச் சென்ற இந்தியர் பலர், டோக்கியோவின் கிழக்கே எடோகாவா வட்டாரத்தைச் சேர்ந்த நிஷிகசாய் என்னும் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கிறார்கள். புளியும் துவரம் பருப்பும் கறிவேப்பிலையும் அங்கே தேடினால் கிடைக்கும். தமிழ்ப் பேச்சும் காதில் விழும். ஜப்பானியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதால், சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு வருகிற தொடர் அங்கே நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணிக்கே வரும். அதனால் முதல் நாள் தொடரை இன்டர்நெட்டின் வழியே மறுநாள் மாலையில் பார்ப்பது பல தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. தாய்மொழியின் ஓசை வீட்டில் ஒலிக்க வேண்டும் என்று விரும்புவதில் குற்றம் ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு அது அவசியமுங்கூட. ஆனால் அதோடு திருப்தியடைந்து, வீட்டில் வந்து விழுகிற ஜப்பானிய அலைவரிசைகளை ஒரு நாளும் திறந்து பாராமல் காலம் கழிக்கிறவர்கள், அந்தத் தேசத்தில் சம்பளம் வாங்குகிறார்களேயன்றி அந்தத் தேசத்தில் வாழ்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானிய டெலிவிஷனைப் பற்றிச் சொல்லப் புகுகிறவர்கள் என்.எச்.கே. என்னும் பொது ஒளிபரப்பு ஸ்தாபனத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வானொலியை 1925-ஆம் வருஷம் தொடங்கிய அந்த மரபு, 1953-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியன்று டெலிவிஷனாகவும் மலர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முதல் தனியார் நிலையமும் ஒளிபரப்பைத் துவக்கியது. பெட்டி வாங்கும் சக்தி சாமானியருக்கு இல்லாத அந்நாளில், தனியார் நிலையத்தார் ரயில் நிலையங்களின் முன்பும் சதுக்கங்களிலும் பெட்டிகளை நிறுத்திவைக்க, ரிக்கிதோசான் என்ற மல்லரின் போட்டிகளைக் காண ஆயிரக்கணக்கான ஜனங்கள் தெருவில் நின்றார்கள். 1959-இல் பட்டத்து இளவரசரின் விவாகத்தைப் பார்க்க வேண்டுமென்ற ஆவலும், 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களும் அந்தப் பெட்டியைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தன.

என்.எச்.கே.யில் விளம்பரம் கிடையாது. 1950-ஆம் வருஷத்து ஒளிபரப்புச் சட்டப்படி, அதன் ஒளிபரப்பை வாங்கக்கூடிய பெட்டியை வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பமும் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு சந்தா செலுத்த வேண்டும். அயல்தேசத்தவனுக்கும் அதில் விலக்கு இல்லை. சாதாரண ஒளிபரப்புக்கு மாதச் சந்தா 2023 அக்டோபரில் 1,100 யென்னாகக் குறைக்கப்பட்டது. புதிதாகக் குடிவந்தவன் கதவைச் சந்தாவுக்காக யாராவது ஒருவர் வந்து தட்டுவதும், பாஷை தெரியாமல் அவன் திகைப்பதும் சில வருஷங்களுக்கு முன்வரை அங்கே வாழ்ந்த பலரும் அறிந்த அனுபவம். இந்தக் கட்டாயம் நியாயந்தானா என்ற வாதம் ஜப்பானியரிடையே நெடுங்காலமாக நடந்து, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னும், ஒளிபரப்பை வாங்கும் கருவியே இல்லாமல் இன்டர்நெட் காட்சிகளுக்கென்று மாத்திரம் செய்யப்பட்ட பெட்டிகளை விரும்பி வாங்குகிறவர்கள் பலர் உண்டு. என் வரையில், அந்தச் சந்தா வீண் செலவல்ல என்பதே நான் கண்ட முடிவு. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த ஒளிபரப்பு நாளுக்கும் வாரத்துக்கும் வருஷத்துக்கும் ஒரு கிரமத்தை உண்டாக்குகிறது. காலை 6.25 மணிக்குப் பியானோ இசையோடு தேகப்பயிற்சி வரும். 1928-ஆம் வருஷத்தில் வானொலியில் தோன்றிய பயிற்சி முறையின் வழிவந்தது அது. எட்டு மணிக்குப் பதினைந்து நிமிஷத் தொடர்கதை. 1961-இல் ஆரம்பித்த இந்தக் காலைத் தொடர் பெரும்பாலும் அரை வருஷத்துக்கு ஒரு கதையாக, வறுமையிலும் யுத்தத்திலும் தளராத ஒரு பெண்ணின் ஜீவியத்தைச் சொல்லும். அவற்றுள் தலைசிறந்தது 1983 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம் ஓடிய ‘ஓஷின்’. ஹாஷிதா சுகாகோ என்ற பெண்மணி எழுதிய 297 பகுதிகள் கொண்ட அந்தக் கதையில், யாமகாதாவின் பனியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த சிறுமி, பள்ளிக்கூடம் போகும் வயதில் அரிசி மூட்டைக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்படுகிறாள். டெலிவிஷன் வைத்திருந்த வீடுகளில் சராசரி பாதிக்கும் மேற்பட்டவை, அதாவது நூற்றுக்கு 52.6 பங்கு, அதைப் பார்த்தன. பிற்பாடு அறுபதுக்கும் மேற்பட்ட தேசங்களில் அது காட்டப்பட்டது. இலங்கை ஜனங்களும் அதைப் பார்த்து அழுதவர்களே. செல்வச் செழிப்பில் மின்னுகிற நாடு தன் பழைய ஏழ்மையை மறைக்காமல் தினமும் காலையில் நினைத்துப் பார்த்தது என்பதை அறிந்த பிறகு, ஜப்பானிய முதியவர்கள் தட்டில் ஒரு பருக்கை சோற்றையும் மீதி வைக்காததன் காரணம் எனக்கு விளங்கிற்று.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வருகிற ‘நொதோ ஜிமான்’ என்னும் பாட்டுப் போட்டி, யுத்தம் முடிந்த மறுவருஷமாகிய 1946-இல் வானொலியில் பிறந்தது. வாரத்துக்கு ஓர் ஊராகப் போய், அங்குள்ள மீன் வியாபாரியும் பள்ளி மாணவியும் எண்பது வயதுப் பாட்டியும் மேடையேறிப் பாடுவதைக் காட்டுகிறார்கள். தீர்ப்புச் சொல்வது மணியோசை. ஒன்றிரண்டு தட்டோடு நின்றால் தோல்வி, மணிகள் வரிசையாக முழங்கினால் வெற்றி. பிற நாட்டிலிருந்து வந்து தொழிற்சாலையில் உழைக்கிறவர்களும் சில சமயம் அந்த மேடையில் ஏறி ஜப்பானியப் பாட்டுப் பாடி, ஊராரின் மனமார்ந்த கரகோஷத்தைப் பெறுவதுண்டு. அன்று மாலை 6.30 மணிக்குத் தனியார் அலைவரிசை ஒன்றில், 1969-ஆம் வருஷம் முதல் இடைவிடாமல் நடந்துவருகிற ‘சசாயே-சான்’ என்ற சித்திரத் தொடர். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் வாழும் கூட்டுக் குடும்பத்தின் சின்னஞ்சிறு சம்பவங்களே அதன் கதை. அதைப் பார்க்கும் தமிழன் தன் சொந்த வீட்டையே நினைத்துக்கொள்வான்.

ஒற்றைப்படை மாதங்களில், வருஷத்துக்கு ஆறு முறை, பதினைந்து பதினைந்து நாட்களாக நடக்கிற சுமோ மல்யுத்தத்தையும் டெலிவிஷனில் காணலாம். ஒவ்வொரு மல்லர் களத்தில் ஏறும்போதும் அவர் பிறந்த ஊரையும் அவர் சார்ந்த பயிற்சிக்கூடத்தையும் கணீரென்று அறிவிப்பார்கள். ஹவாயைச் சேர்ந்த அகேபோனோ, 1993-இல் அயல்தேசத்தில் பிறந்தவர்களுள் முதன்முதலாக யோகோசுனா என்ற உச்சப் பட்டத்தை அடைந்தார். மங்கோலியாவிலிருந்து வந்த ஹக்குஹோ 45 போட்டித் தொடர்களில் வாகை சூடி, வேறெவரும் எட்டாத சிகரத்தில் நின்றார். இவர்களைப் போன்றவர்களுடைய அயல்நாட்டுப் பிறப்பிடம் மறைக்கப்படாமல் உரக்கச் சொல்லப்படுவதையும், அதே மூச்சில் ஜப்பானியப் பயிற்சிக்கூடத்தின் பெயரும் சொல்லப்படுவதையும் கேட்கும்போதெல்லாம், பிறந்த மண்ணையும் வாழும் மண்ணையும் ஒருவன் ஒருங்கே உரிமை கொண்டாடலாம் என்ற தைரியம் எனக்கு உண்டாகிறது.

வருஷத்தின் கடைசி இரவு ‘கோஹக்கு’ என்னும் சங்கீதப் போட்டிக்கு உரியது. பெண் பாடகர்கள் சிவப்பு அணி, ஆண் பாடகர்கள் வெள்ளை அணி. 1951-இல் வானொலியில் தொடங்கி 1953 முதல் டெலிவிஷனில் வருகிற இதனை, 1963-இல் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் கண்டன. இப்போது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் நீண்ட சோபா நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்டு, அது முடிந்ததும் ஆலயமணிகள் 108 முறை ஒலிப்பதைக் கேட்டுப் புது வருஷத்தை வரவேற்கும் சம்பிரதாயம் இன்னும் அழியவில்லை.

இரண்டாவது காரணம் இவை எல்லாவற்றிலும் கனமானது. அது உயிர்க் காப்பு. பூமி அதிரப்போகிறதென்ற முன்னெச்சரிக்கை, 2007 அக்டோபர் முதல் பொதுஜனங்களுக்கு அளிக்கப்படுகிறது. பலமான அதிர்ச்சி வந்து சேருமுன் சில விநாடிகளேனும் கிடைக்கும்படி டெலிவிஷனில் மணி ஒலிக்கும். 2011 மார்ச் 11-ந் தேதி பிற்பகல் 2.46 மணிக்கு, பார்லிமெண்டு விவாதத்தைக் காட்டிக்கொண்டிருந்த திரையில் அந்த எச்சரிக்கை தோன்றியது. பின்னர் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சியில், நத்தோரி என்னும் ஊரின் வயல்களின் மேல் சுனாமியின் கரிய அலை முன்னேறிச் செல்வதைத் தேசம் முழுவதும் அக்கணமே கண்டது. நிதானமான குரலில் அறிவித்தால் ஜனங்கள் ஓடமாட்டார்கள் என்பதை அந்தத் துயரத்திலிருந்து உணர்ந்த ஒளிபரப்பாளர்கள், தங்கள் நெடுநாள் நியமத்தை மாற்றிக்கொண்டார்கள். 2024 புத்தாண்டு தினத்தில் நோதோ தீபகற்பம் குலுங்கியபோது, செய்தி வாசித்த பெண்மணி வழக்கமான அமைதியைத் துறந்து, உடனே ஓடுங்கள் என்று திரும்பத் திரும்ப உரத்த குரலில் கட்டளையிட்டார். குழந்தைகளும் அயல்நாட்டாரும் படிக்கும் பொருட்டு, கடினமான சித்திர எழுத்தை விட்டு எளிய எழுத்தில் ‘ஓடுங்கள்’ என்று திரையில் எழுதிக் காட்டவும் செய்தார்கள். பாஷை சரிவரத் தெரியாத எங்களைப் போன்றவர்களையும் எண்ணிப் பார்த்துச் செய்த அந்த உபகாரத்துக்கு 1,100 யென் அதிகமல்ல.

மூன்றாவது, பாஷை. இரவு ஏழு மணிச் செய்தியின்போது ரிமோட்டிலுள்ள ஒலி மாற்றும் பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் கேட்கலாம். புதிதாக வந்தவன் முதலில் ஆங்கிலத்திலும், பழகிய பின் ஜப்பானியத்திலும் அதைக் கேட்டு வரலாம். தனியார் நிலையங்களின் கேளிக்கை நிகழ்ச்சிகளிலோ, பேசுகிறவரின் சொற்களையே பெரிய வர்ண எழுத்துக்களில் ‘டெரொப்பு’ என்று திரையில் போடும் வழக்கம் இருப்பதால், காதுக்கு எட்டாததைக் கண் பிடித்துக்கொள்ளும்.

நமக்கு நெருங்கிய இன்னொரு சம்பந்தமும் உண்டு. ‘டோட்டோசான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்ற நூலைத் தமிழில் படித்து நெகிழாத ஆசிரியர்கள் நம்மிடையே குறைவு. அதை எழுதிய குரோயானகி தெத்சுகோ அம்மையார், டெலிவிஷன் பிறந்த காலத்திலேயே என்.எச்.கே.யில் நடிகையாகச் சேர்ந்தவர். 1976 முதல் தாம் நடத்திவரும் ‘தெத்சுகோவின் அறை’ என்ற பகல் நேரப் பேட்டி நிகழ்ச்சியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முறை விருந்தினரை எதிரே அமர்த்திப் பேசியிருக்கிறார். அந்த நூலில், சிறுமியாயிருந்த அவருடைய பேச்சுக்குக் காது கொடுத்துப் பல மணி நேரம் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரை நாம் மறக்கவில்லை. அவரிடம் கற்ற பாடத்தை அம்மையார் வாழ்நாள் முழுவதும் நடத்திக் காட்டிவருகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தனியார் அலைவரிசைகளில் மாலை முழுவதும் யாரேனும் ஒருவர் எதையேனும் உண்டு ருசியைப் புகழ்வதும், அதைப் பார்க்கிற பிரபலஸ்தர்களின் முகங்கள் திரையின் மூலையில் சிறு சதுரத்தில் வியப்பதும் அளவை மிஞ்சிவிட்டன. அயல்தேசத்தாரை விமான நிலையத்தில் நிறுத்தி, எதற்காக ஜப்பானுக்கு வந்தீர்கள் என்று வினவும் நிகழ்ச்சி ஒன்று 2013 முதல் நடக்கிறது. அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் வரி செலுத்தி, குழந்தைகளை அவ்வூர்ப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிற அயல்நாட்டார் நாடகங்களில் சாதாரண அண்டை வீட்டுக்காரராகத் தோன்றுவது அருமை. எல்லாவற்றுக்கும் மேலாக, இளம் பாடகர்களை உருவாக்கிவந்த பெரிய நிறுவனம் ஒன்றின் ஸ்தாபகர் பல்லாண்டு காலம் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமையை அந்நிறுவனமே 2023-இல் ஒப்புக்கொண்டபோது, அதைப் பற்றித் தாங்கள் மௌனம் சாதித்தது தவறு என்று ஒளிபரப்பு நிலையங்களும் ஏற்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் அனுமதிக்கப்படுகிற சாதனம், உண்மையைச் சொல்லும் பொறுப்பிலிருந்து ஒரு நாளும் நழுவக் கூடாது.

கலை ஒரு வழிப் பாதையன்று என்பதற்கும் ஜப்பானே சாட்சி. ரஜினிகாந்த் நடித்த ‘முத்து’, 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் திரையிடப்பட்டு மாதக்கணக்கில் ஓடியது. தமிழ் தெரியாத ஜப்பானியர் நம் பாட்டையும் ஆட்டத்தையும் ஏற்று மகிழ்ந்தார்கள். நம் மொழியின் ஓர் எழுத்தையும் அறியாத அவர்கள் நமக்குச் செய்த இந்த மரியாதையை, அவர்கள் தேசத்திலேயே போய் வாழ்கிற நாம் அவர்களுக்குத் திருப்பிச் செய்வது கடமை.

ஆகையால், ஜப்பானிலாயினும் வேறெந்த நாட்டிலாயினும் குடியிருக்கும் தமிழ் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: ஊர்த் தொடர்களை விட வேண்டாம், ஆனால் தினம் அரை மணி நேரமாவது நீங்கள் வாழும் தேசத்தின் ஒளிபரப்பைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள், மறுநாள் காரியாலயத்தில் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். அண்டை வீட்டார் பேச்சில் கலந்துகொள்ள அதுவே போதுமானது. ஆபத்து வேளையில் எதைக் கேட்டு எங்கே ஓடுவது என்பதும் அதனாலேயே தெரியும்.