வேற்றுலகத்தைக் கட்டியவர்கள்

சாலையைக் கடக்கும் இளைஞன்மீது லாரி மோதுகிறது. கண் விழித்தால், வாளும் மந்திரமும் ஆளும் வேறோர் உலகம். அவன் உடம்பில் யாருக்கும் இல்லாத ஆற்றல். அனிமே பார்ப்பவர்களுக்கு இந்தத் தொடக்கம் மனப்பாடம். இவ்வகைக் கதைகளுக்கு ஜப்பானில் ‘இசேகாய்’ என்று பெயர்.

அனிமே இப்போது தமிழ்க் குரலிலும் பேசுகிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழிலேயே திரையரங்குகளுக்கு வந்தது. நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் இசேகாயை, கோலார் தங்கவயலில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் என்று சுரங்கத்தை ஒட்டி நீளும் அந்த ஊர், வேறோர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தமிழர்களின் ஊர்.

பழைய ஊற்று, புதிய வெள்ளம்

ஆமையைக் காப்பாற்றிய மீனவன் உராஷிமா தாரோ கடலடி அரண்மனைக்குப் போய்த் திரும்பும்போது, ஊரில் பல தலைமுறை கடந்திருக்கும். ஜப்பானியர் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை இது. அனிமேவில் 1983இல் ‘டன்பைன்’, 2000இல் கிணற்றுக்குள் இழுக்கப்பட்டுப் போர்க்காலத்தில் போய் விழும் சிறுமியின் ‘இனுயாஷா’, 2001இல் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ என்று இந்த ஊற்று வற்றாமல் ஓடியது. யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம் என்ற இணையதளம் ஒன்று 2004இல் தொடங்கிய பிறகுதான் அது வெள்ளமானது. ‘முஷோகு டென்செய்’, ‘ரீ:ஜீரோ’, ‘ஸ்லைம்’ எல்லாம் அங்கே பிறந்தவை.

நமக்கும் இது புதிதல்ல. மூலன் இறந்துகிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் கதறுவதைக் காணப் பொறாமல் அவன் உடலில் புகுந்த சிவயோகியார், பிறகு தன் உடலைத் தேடினால் காணவில்லை. அவரே திருமூலர் என்கிறது பெரியபுராணம். ரஜினிகாந்தின் ‘அதிசய பிறவி’ (1990), செல்வராகவனின் ‘இரண்டாம் உலகம்’ (2013) என்று திரையிலும் இந்த இழை உண்டு.

யார் கண்ணில் அந்த உலகம்?

வெகுஜன இசேகாய்க்கு மூன்று தூண்கள். இந்த உலகத்திலிருந்து அங்கே போவது, போன இடத்தில் கிடைக்கும் வரம், திரும்புவதா வேண்டாமா என்ற கேள்வி. வரம் பெரிதாகப் பெரிதாக மற்ற இரண்டும் சுருங்கிவிடுகின்றன. அங்கே ஏற்கெனவே வாழும் மக்கள் நாயகனைப் புகழவும் அவனுக்குச் சேவை செய்யவும் மட்டுமே இருக்கிறார்கள். ‘ஷீல்ட் ஹீரோ’வில் நாயகன் ஓர் அடிமைச் சிறுமியைக் காசு கொடுத்து வாங்குகிறான். கதை அதைக் கடந்து போய்விடுகிறது. என்னால் முடியவில்லை.

தங்கவயலுக்கு இரண்டு வகை மனிதர்கள் வந்தார்கள். 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் பொன் தேடி வந்த முன்னாள் சிப்பாய் மைக்கேல் லெவெல், 1880இல் வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் ஒரு வகை. கிளப்பும் பங்களாவுமாக அவர்கள் வாழ்ந்த பகுதிக்குக் குட்டி இங்கிலாந்து என்றே பெயர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து சாதிக்கொடுமையும் பஞ்சமும் துரத்த வந்த தலித் மக்கள் இன்னொரு வகை. அவர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்க எந்திரங்களை ஓட்ட. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்பாடு 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். தூசி நுரையீரலில் படியும்.

வெகுஜன இசேகாய் பெரும்பாலும் லெவெலின் பக்கம் நின்று சொல்லப்படுகிறது. கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கியவர்களின் பக்கத்திலிருந்து சொன்னால் வரம், வெற்றி என்ற சொற்களுக்கெல்லாம் வேறு எடை வந்துவிடும்.

புத்தகம் செய்த சிறுமி, அச்சகம் வைத்த ஊர்

அந்த எடையை உணர்ந்த அனிமேவும் உண்டு. மியா கசுகியின் நாவலிலிருந்து 2019இல் வந்த ‘அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வோர்ம்’. புத்தகப் பித்துப் பிடித்த பெண் ஒருத்தி நிலநடுக்கத்தில் புத்தகங்களுக்கு அடியில் சிக்கி இறந்து, நோஞ்சான் குழந்தை மைனாக மறுபிறப்பு எடுக்கிறாள். அப்பா சாதாரணக் காவல் வீரர். அந்த உலகத்தில் புத்தகம் பிரபுக்களின் சொத்து. புல்லைப் பின்னிப் பார்க்கிறாள், களிமண் பலகை செய்கிறாள், மரச்சீவலில் எழுதினால் அம்மா அதை அடுப்பில் வைத்துவிடுகிறாள். கடைசியில் மரநாரிலிருந்து காகிதம் செய்கிறாள். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் உழைப்பும் கடனும் பேரமும் இருக்கின்றன.

தங்கவயலில் இது நடந்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. எழுத்தை எட்டவிடாமல் விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் சித்தார்த்தா புத்தகசாலை நடத்திப் பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தார்கள். 1914இல் அவர் மறைந்தார்; அவர் நடத்திய ‘தமிழன்’ இதழும் பிறகு நின்றுபோனது. அதை 1926இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தார் ஜி. அப்பாதுரையார். 1930இல், குற்றவாளிகளைப் போலத் தங்களிடம் கைரேகை வாங்குவதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வரம் ஏதும் இல்லாமல் வந்தவர்கள், தாங்கள் வந்த உலகத்தைத் தாங்களே மாற்றி எழுதினார்கள்.

திரும்பும் வழி

2024இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ இந்த மண்ணுக்குள் முற்பிறவி நினைவுகளையும் மாயத்தையும் கொண்டுவந்தது. தங்கம் தேடிப் போகிறவனே அந்த நிலத்தோடு பிறவித் தொடர்புள்ளவன் என்று காட்டியது அதன் துணிச்சல். வந்தேறி யார், மண்ணின் மகன் யார் என்ற கேள்வியை அது மாயக்கதையின் வழியே கேட்டது.

இன்னும் அதிகம் சொல்லப்படாத பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூன்று நான்கு தலைமுறையாகக் கட்டிய உலகத்தின் கதவு ஒரே நாளில் அடைபட்டது. திரும்பிப் போக வட ஆற்காட்டில் நிலமில்லை, வீடில்லை. இன்று மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறார்கள் ஆயிரக்கணக்கானோர். வேற்றுலகமே மூடிக்கொண்டால் அங்கே போனவர்கள் என்ன ஆவார்கள் என்று இசேகாய் அபூர்வமாகத்தான் கேட்கிறது. தங்கவயல் அதற்கு நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அனிமே பார்த்து வளர்ந்து, படம் வரையவும் கதை எழுதவும் துடிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். லாரியை ஜப்பானிடமிருந்து கடன் வாங்க வேண்டாம். தாத்தா இறங்கிய சுரங்கத்தின் ஆழத்தை, பாட்டி குடியிருந்த லைன் வீட்டின் அளவை விசாரித்து எழுதுங்கள். ‘தமிழன்’ இதழ்களைத் தேடிப் படியுங்கள். உங்கள் வேற்றுலகத்தில் முன்பே வாழ்கிறவர்களுக்கும் பெயர் கொடுங்கள், குரல் கொடுங்கள், மறுத்துப் பேசும் உரிமை கொடுங்கள். அப்படி ஒரு கதை வந்தால், ஜப்பானியர்களும் அதைத் தங்கள் மொழியில் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.